பரப்பும் படைப்பும்: கொங்கு மண்ணின் இரு மரபுகளை முன்வைத்து

பிரபஞ்சம் இத்தனை பெரிதாக இருக்கிறதே, இதைச் செய்தவன் ஒருவன் இல்லாமல் எப்படி என்னும் வாதம் இன்று புதிய வேகத்தோடு உலவுகிறது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் வண்ணப்படங்கள் வெளிவந்தன. எஸ்எம்ஏசிஎஸ் 0723 என்னும் விண்மீன்திரள் கொத்தின் படத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்திரள்கள் ஒரே சட்டகத்துக்குள் நெருங்கிக் கிடந்தன. அந்தக் கொத்திலிருந்து ஒளி நம்மை வந்தடைய 460 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இரவு ஷிப்டும் மின்விளக்கும் ஓயாத திருப்பூரில் பால்வீதியைக் கண்ணால் காண்பது அரிது. அண்டத்தின் பரப்பு இங்குள்ளவர்களுக்குக் கைப்பேசித் திரை வழியாகத்தான் வந்து சேர்கிறது. படத்தோடு கூடவே தீர்ப்பும் வருகிறது. படைத்தவன் எவ்வளவு பெரியவன் என்று ஒருவர் கைகூப்புகிறார். இவ்வளவு பெரிய வெளியில் உன் நேர்த்திக்கடனைக் கேட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பானா என்று இன்னொருவர் கேட்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே படம், ஒரே எண்.

ஒரே சான்றிலிருந்து நேரெதிரான இரண்டு முடிவுகள் இவ்வளவு எளிதாகப் பிறக்குமானால், அந்தச் சான்றைச் சந்தேகிக்க வேண்டும். பரப்பு தன்னளவில் படைத்தவனையும் சுட்டவில்லை, படைத்தவன் இல்லை என்பதையும் சுட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. தமிழ் மரபின் மிக வலுவான கடவுள் வாதமும், அதற்கு எதிராகத் தமிழ் மண்ணில் நின்ற மிக வலுவான மறுப்பும் அண்டத்தின் அளவைப் பொருட்படுத்தவே இல்லை. அவை மோதிக்கொண்ட களம் வேறு. அந்தக் களத்தை இன்று நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

பரப்பைப் பற்றித் தமிழில் பேசப் புகுந்தால் மணிவாசகரைத் தாண்டிப் போக முடியாது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி அண்டங்களின் திரட்சியைச் சொல்லித் தொடங்குகிறது. அவற்றின் எண்ணிக்கை நூற்றொரு கோடிக்கும் மேலே போகிறது. இத்தனை அண்டங்களும், வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் நுண்தூசு போலச் சிறுத்துத் தோன்றும்படி இறைவன் பெரியவனாக இருக்கிறான் என்கிறார். கட்டிங் அறையின் கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் பஞ்சுத் தூசி மிதப்பதைப் பார்த்தவருக்கு இந்தக் காட்சிக்கு உரை வேண்டாம்.

இந்த அடிகளை எடுத்துக்கொண்டு, மணிவாசகர் விண்மீன்திரள்களை அன்றே எண்ணிவிட்டார் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய தீங்கு செய்ய முடியாது. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள விண்மீன்திரள்களின் எண்ணிக்கை இன்று பத்தாயிரம் கோடிகளில் மதிப்பிடப்படுகிறது. 2016இல் வந்த ஒரு மதிப்பீடு 2 லட்சம் கோடி வரை போனது. பிறகு வந்தவை அதைக் குறைத்தன. எண் பொருந்தியதால் பாட்டு உயர்ந்தது என்றால், மதிப்பீடு மாறும்போது பாட்டும் தாழ வேண்டியிருக்கும். மணிவாசகர் எண்ணிக் காட்ட வரவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வாக்கியத்தின் திசையை. அண்டம் பெரியது, ஆகவே இறைவன் உண்டு என்று அவர் எங்கும் வாதிடவில்லை. இறைவனை அறிந்த இடத்திலிருந்து அண்டத்தைப் பார்க்கிறார். அப்போது அது தூசாகத் தெரிகிறது. அவர் காட்டுவது அண்டத்தின் பெருமையை அல்ல, அதன் சிறுமையை. பரப்பை அவர் சான்றாக வைக்கவில்லை, புகழ்ச்சிக்குப் பொருளாக்கினார். புகழ்ச்சியை எடுத்துச் சான்றின் இடத்தில் வைப்பதிலிருந்துதான் இன்றைய குழப்பம் தொடங்குகிறது.

சான்று என்றால் என்ன என்பதில் நம் முன்னோர் கறாரானவர்கள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என்று அளவைகளை வகுத்துவிட்டுத்தான் பொருளுக்குள் நுழைகிறார். கருதல் அளவைக்கு ஒரு நிபந்தனை உண்டு. புகையைக் கண்டு தீயைக் கருத வேண்டுமானால், புகை உள்ள இடத்திலெல்லாம் தீ உண்டு என்னும் பிரியாத் தொடர்பு முன்பே நிலைபெற்றிருக்க வேண்டும். பரப்புக்கும் படைத்தவனுக்கும் அப்படி ஒரு தொடர்பை நாம் எங்கே கண்டோம்? செய்யப்பட்டவை என்று நாம் உறுதியாக அறிந்த குடம், ஆடை, வீடு எல்லாமே சிறியவை. நாம் காணும் மிகப் பெரியவற்றை, கடலையும் மலையையும், யாரும் செய்து பார்த்ததில்லை. அளவை வைத்து மட்டும் கணக்குப் பார்த்தால் அனுபவம் எதிர்த்திசையில்தான் போகிறது. டேவிட் ஹியூமின் உரையாடல் நூல் 1779இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. நாம் அறிந்தது ஒரே ஒரு பிரபஞ்சம், வேறொன்று உண்டாவதைக் கண்டதில்லை, ஆகவே ஒப்பிட வழியில்லை என்று அதில் எழுப்பிய தடையும் இதற்கு நெருங்கியதே.

திருப்பூர்த் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள நிட்டிங் மெஷினில் வட்டமாக ஏறத்தாழ 2,260 ஊசிகள் நிற்கின்றன. சிங்கிள் ஜெர்சி ஓட்டும் மெஷினில் பொதுவாக 90 ஃபீடர்கள் நூல் கொடுக்கும். மெஷின் ஒரு சுற்று சுற்றினால் 90 வரிசை துணி இறங்கும். ஓர் ஊசியின் கொக்கி பழுதானால் துணியின் நீளவாக்கில் ஒரு கோடு ஓடிக்கொண்டே வரும். அதை நீடில் லைன் என்பார்கள். ஒரு ஃபீடரில் மட்டும் தடித்த நூல் ஏறிவிட்டால் குறுக்கே ஒரு பட்டை விழும். அது 90 வரிசைக்கு ஒருமுறை தவறாமல் திரும்ப வரும். செக்கிங் மெஷினில் விளக்கொளிக்கு மேலே துணி ஓடும்போது, அனுபவமுள்ளவர் கோட்டைப் பார்த்து ஊசியைச் சொல்வார். பட்டைகளுக்கு இடையே உள்ள வரிசைகளை எண்ணி, அது ஒரே ஃபீடரின் கோளாறு என்பார். மெஷினைக் காணாமலேயே துணியிலிருந்து மெஷினுக்குப் போகும் செம்மையான அனுமானம் இது. ஆனால் ரோல் எத்தனை நீளம் என்பதிலிருந்து அவர் எதைச் சொல்ல முடியும்? மெஷின் அவ்வளவு நேரம் ஓடியது, நூல் அவ்வளவு இருந்தது என்பதை மட்டும். துணியின் அமைப்பு பேசுகிறது. நீளம் காலத்தைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை.

இதை அண்டத்துக்குப் பொருத்தினால் இன்றைய வானியல் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டுகள். வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒளி வந்து சேர எவ்வளவு காலம் கிடைத்ததோ, அதற்குள் வெளி எவ்வளவு விரிந்ததோ, அதுவே நாம் காணும் எல்லை. அளவு என்பது பெரும்பாலும் வயதின் மறுபெயர். இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி 1961இல் இதிலிருந்து இன்னொரு படி மேலே போனார். நம் உடலில் உள்ள கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களின் வயிற்றில் சமைந்தவை. விண்மீன்கள் பிறந்து எரிந்து சிதற நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே கேள்வி கேட்கும் உயிர் ஒன்று எங்கே தோன்றினாலும், அது தன்னைச் சுற்றி மிகப் பழைய பிரபஞ்சத்தையே காணும். பழையது என்றால் பெரியதும்தான். பரப்பைக் கண்டு நாம் மலைக்கிறோம். ஆனால் மலைப்பதற்கு ஒருவர் இருக்க வேண்டுமென்றாலே அந்தப் பரப்பு தேவைப்படுகிறது. சிறிய பிரபஞ்சம் ஒன்றில் உட்கார்ந்து இது ஏன் இவ்வளவு சிறியது என்று வியக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் ஆத்திகர் தரப்பில் ஒரு வலுவான மறுமொழி உண்டு. அதை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. தொடக்கத்தில் பொருளின் அடர்த்தி ஓர் இம்மி கூடியிருந்தால் அண்டம் விரியாமலே மடிந்திருக்கும். ஓர் இம்மி குறைந்திருந்தால் விண்மீன்கள் திரண்டிருக்கவே முடியாது. ஆகவே இவ்வளவு பரப்பும் இவ்வளவு ஒழுங்கும் சேர்ந்து கிடைத்ததே ஒரு நுண்மையான அமைப்பின் விளைவு, அந்த நுண்மைக்குக் காரணம் வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே சான்றாக நிற்பது பரப்பு அல்ல, தொடக்க நிலையின் துல்லியம். வாதம் ரோலின் நீளத்திலிருந்து பின்னலின் நேர்த்திக்கு இடம் மாறிவிட்டது. அந்தத் துல்லியத்துக்கும் ஆலன் கூத் 1981இல் முன்வைத்த திடீர்ப் பெருவிரிவுக் கொள்கை இயற்பியலுக்குள்ளேயே ஒரு காரணத்தைத் தருகிறது. அந்தப் பெருவிரிவு தொடங்க என்ன நிலைமை வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. முடிவு எதுவானாலும், அண்டத்தின் அகலத்தைக் காட்டி இந்த வழக்கில் யாரும் வெல்லப் போவதில்லை.

அறிவியலின் முடிவைச் சமயம் அவசரமாகக் கையகப்படுத்துவது பற்றி ஒரு சொல். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், விரியும் பிரபஞ்சக் கொள்கையைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசினார். அந்தக் கொள்கையின் மூலவர்களில் ஒருவரும் தாமே கத்தோலிக்கப் பாதிரியாருமான ஜார்ஜ் லெமைத்ர் அதை விரும்பவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. விசுவாசியாக இருந்துகொண்டே சான்றின் எல்லையைக் காத்த அந்த மனிதரை நம் மேடைப் பேச்சாளர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இரவு வானத்தைக் கண்டு கைகூப்புகிறவர் தவறு செய்கிறாரா? இல்லை. சான்று வேறு, அடையாளம் வேறு. திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். காங்கேயத்தை அடுத்த சிவன்மலை சுப்பிரமணியசுவாமி கோயிலில் 'ஆண்டவன் உத்தரவு' பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருள் வருகிறது. கோயிலில் பூ வைத்து உத்தரவு கேட்கிறார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. அடுத்தவர் கனவில் இன்னொரு பொருள் வரும்வரை அங்கேயே இருக்கிறது. தண்ணீர், மண், மஞ்சள் என்று என்னென்னவோ வைக்கப்பட்டிருக்கின்றன. 2004 சுனாமிக்கு முன் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது என்று பக்தர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியில் உள்ள தண்ணீர் ஏன் அடையாளமாகிறது, பக்கத்துக் குழாயில் வரும் தண்ணீர் ஏன் ஆவதில்லை? சொல்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையும் அதைக் கேட்கும் முறையும் முன்பே அங்கே இருக்கின்றன. அடையாளம், சொல்பவனை ஏற்றுக்கொண்ட பின் பிறப்பது. சொல்பவன் உண்டு என்பதை நிறுவும் வேலையை அதன் தலையில் ஏற்ற முடியாது. மணிவாசகருக்கு அண்டப் பரப்பு அடையாளம். அவர் அதைப் பார்த்து உருகியது முழுக்க நியாயமானது. அதே உருக்கத்தை நம்பாதவர் முன் தர்க்கமாக வைக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

தர்க்கமாகவே பேச வேண்டுமானால் மெய்கண்டாரிடம் போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் அவர் தந்த சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் உலகின் அளவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் உலகம் தோன்றுதல், நிலைத்தல், ஒடுங்குதல் என்னும் மூன்று தொழிலுக்கு உட்பட்டது. ஆகவே அது தோற்றுவிக்கப்பட்ட பொருள். ஒடுக்கியவனே மீண்டும் தோற்றுவிக்கும் முதல்வன். இதுதான் அவர் நடை. அறிவற்ற பொருள் தானே இயங்காது, செய்பவன் வேண்டும் என்பதற்குச் சைவ சித்தாந்திகள் குடத்தைக் காட்டுவார்கள்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல மாயை, சத்தி, சிவம். இங்கே படைப்பு என்பது ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவது அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. மேலைநாட்டு விவாதத்தில் வரும் படைப்பாளியை அப்படியே சிவத்தின் இடத்தில் வைத்துப் பேசுவது, நம் வாதத்தை நாமே குழப்பிக்கொள்வது.

இந்த வாதத்துக்கு மிகச் சரியான எதிர்முனையாகச் சமணம் கொங்கு மண்ணிலேயே இருந்தது. சுந்தரர் பதிகம் பெற்ற அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் திருப்பூரின் ஒரு பக்கம். ஈரோட்டுச் சாலையில் விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் மறுபக்கம். பெருங்கதை தந்த கொங்குவேளிரோடு மரபு இணைத்துப் பேசும் ஊர் அது. சமணரின் பிரபஞ்சமும் சிறியதல்ல. 14 ரஜ்ஜு உயரம் கொண்டது. ஒரு ரஜ்ஜு என்பது எண்ணிக்கைக்குள் அடங்காத தொலைவு. காலமும் அப்படியே, தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஏறியும் இறங்கியும் சுழல்கிறது. இத்தனை பெரிய அண்டத்தை மனத்தில் ஏந்திய அந்த மரபு, அதைச் செய்தவன் ஒருவனும் இல்லை என்று உறுதியாகச் சொன்னது. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணத்தில் படைப்புக் கொள்கையை அடுக்கடுக்கான கேள்விகளால் மறுத்தார்: படைப்பதற்கு முன் அவன் எங்கே இருந்தான், மூலப்பொருளை யார் செய்தது, செய்யாமலே அது இருந்ததென்றால் உலகமும் ஏன் அப்படியே இருக்கக் கூடாது? பரப்பு படைப்பாளியைச் சுட்டுவது உண்மையானால் சமணரல்லவா முதலில் ஆத்திகராகியிருக்க வேண்டும்?

ஆனால் சமணரின் வலிமையான விடை இந்தக் கேள்விகளில் இல்லை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் பொருளுக்குத் தரும் இலக்கணத்தில் இருக்கிறது. உள்பொருள் எதுவாயினும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் அதன் இயல்பிலேயே கூடியிருக்கும் என்கிறது அது. மெய்கண்டார் எண்ணும் மூன்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே மாற்றத்தைக் காண்கிறார்கள். மூன்று தொழில் இருக்கிறது, ஆகவே செய்பவன் வேண்டும் என்கிறார் ஒருவர். மூன்றும் பொருளின் இயல்பு, ஆகவே செய்பவன் வேண்டாம் என்கிறார் மற்றவர். நம் மரபின் உண்மையான போர்க்களம் இதுதான். அண்டம் ஒரு முழம் அகலமே இருந்திருந்தாலும் இந்த வழக்கு இதே கூர்மையோடு நடந்திருக்கும்.

ஈரோட்டில் 1925இல் தொடங்கிய குடி அரசு இதழும், அதில் சிங்காரவேலர் எழுதிய அறிவியல் கட்டுரைகளும் இந்த வழக்கின் அடுத்த கட்டம். வானியலும் பரிணாமமும் எளிய தமிழில் பனியன் தொழிலாளிக்கும் எட்டும் வழி அப்போது திறந்தது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அந்த இதழின் வழிவந்த இன்றைய பேச்சில் அண்டப் பரப்பு மறுப்பாகப் பயன்படுத்தப்படும்போது, முன்பு சொன்ன அதே பிழை தலைகீழாக நிகழ்கிறது. இதை முறையான வாதமாக எழுதியவர் ஆங்கிலேயத் தத்துவவாதி நிக்கோலஸ் எவரிட். மனிதனுக்காக உலகைச் செய்த கடவுள் மனித அளவுக்கு ஏற்ற உலகையே செய்திருப்பார், நாம் காணும் அண்டமோ அப்படியில்லை என்பது 2004இல் வந்த அவர் நூலின் ஒரு வாதம். மனிதனைப் படைப்பின் மையத்தில் வைக்கும் சமயங்களை இது சங்கடப்படுத்தலாம். சித்தாந்தத்தை இது தொடவில்லை. அங்கே உலகம் மனிதனுக்காக மட்டும் உண்டாக்கப்படவில்லை. எண்ணற்ற உயிர்களுக்கு உடலும் கருவியும் இடமும் நுகர்ச்சியும் தந்து மலப்பிணி நீக்க வந்தது அது. எண்பத்து நான்கு லட்சம் பிறவி பேதம் பேசும் மரபுக்கு இடம் அதிகமாகிவிட்டது என்பது குற்றச்சாட்டே ஆகாது.

இனி, மெய்கண்டாருக்கும் சமணருக்கும் இடையே நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகத் தோன்றி, இருந்து, மறைவதைக் கண்ட பிறகு உலகம் என்றும் உள்ளது என எப்படிச் சொல்வது என்று மெய்கண்டார் கேட்கிறார். உறுப்புகளுக்குப் பொருந்துவது முழுமைக்கும் பொருந்தியாக வேண்டும் என்பதில்லை. இந்த இடத்தில் சமணர் வாதம் வலுவானது என்றே எனக்குப் படுகிறது. விரியும் அண்டத்தைப் பின்னோக்கி எல்லையின்றி நீட்ட முடியாது என்று போர்டே, கூத், விலென்கின் மூவரும் 2003இல் காட்டிய தேற்றமும் மெய்கண்டாருக்கு முழு வெற்றி தராது. விரிவுக்கு ஓர் எல்லை உண்டு என்கிறது அது. எல்லைக்கு அப்பால் செய்பவன் நின்றான் என்று சொல்லவில்லை. ஆனால் சமணரும் ஒரு கேள்விக்குக் கடன்பட்டிருக்கிறார். பொருளின் இயல்பு மாற்றம் என்று சொல்லிவிட்டால் மாற்றம் விளங்கிவிடும். அந்த இயல்போடு ஒரு பொருள் ஏன் இருக்கிறது, ஒன்றுமே இல்லாமல் ஏன் போகவில்லை என்பது விளங்காது. அநாதி என்ற விடை கேள்வியைக் காலத்தில் பின்னுக்குத் தள்ளுகிறது, தீர்க்கவில்லை. சித்தாந்தியும் மாயையை அநாதி என்றே கொள்வதால் இந்தக் கேள்வியிலிருந்து அவரும் தப்பவில்லை. மேலைநாட்டுப் படைப்புவாதி மட்டுமே இதை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். அவரிடமும் கடவுள் ஏன் இருக்கிறார் என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது. இவர்கள் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மாற்றத்தையும் இருப்பையும் பற்றி வாதாட விடும் ஓர் ஆய்வு தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும். அதில் விண்மீன்திரள்களின் எண்ணிக்கைக்கு வேலை இருக்காது. வெளியில் ஒரே ஒரு மணற்பரல் மட்டும் இருந்திருந்தாலும், அது ஏன் இருக்கிறது என்ற கேள்வி இதே எடையோடுதான் நம் முன் நின்றிருக்கும்.